ஒலியைச் சமன் செய்தல்

நம் சங்கத்துக் குடும்பங்களில் முதியோர் நினைவில் மட்டும் தங்கியிருக்கும் தாலாட்டு, நலங்கு, கும்மி முதலிய பாட்டுகளை ஒலிப்பதிவு செய்து வைப்பதென்று சென்ற சித்திரையில் செயற்குழு தீர்மானித்ததை அன்பர்கள் அறிவார்கள். அப்பணியை ஏற்றுக்கொண்ட இளைஞர்கள் கூடுமிடமெல்லாம் ‘ஈக்வலைஸர்’ என்ற ஒரு சொல் ஓயாமல் ஒலிக்கிறது. அது யாது, அதனால் ஆவதென்ன, கெடுவதென்ன என்று தாய்மார்கள் சிலர் நம்மிடம் வினவினார்கள். செயற்குழுவில் எழுந்துள்ள ஒரு சச்சரவுக்கும் அக்கருவியே காரணமாயிருப்பதால், இம்மாதம் இப்பகுதியை அதற்கே ஒதுக்கினோம். நாம் பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் பேரேடு எழுதுகிறவர்கள். ஆயினும் ஒலியோடு நாள்தோறும் வாழ்கிறவர்கள். ஆகவே பொருள் நமக்கு முற்றிலும் அந்நியமன்று.

‘ஈக்வலைஸ்’ என்றால் சமன் செய்தல். எதை எதனோடு சமன் செய்வது? இச்சொல் பிறந்தது சங்கீத மண்டபத்திலன்று, தொலைபேசிக் கம்பியிலாகும். நெடுந்தூரம் செல்லும் கம்பியில் பேச்சொலியின் கீழ்ப்பகுதி ஓரளவு நன்றாகச் சென்று சேரும். மேற்பகுதியோ வழியிலேயே தேய்ந்துபோகும். மறுமுனையில் இருப்பவருக்குப் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும். இதற்குப் பொறியாளர்கள் கண்ட வழி எளியது. கம்பியின் முடிவில் ஒரு சுற்றை அமைத்து, தேயாமல் வந்த பகுதியைத் தேய்ந்த பகுதியின் மட்டத்துக்கு இறக்கினார்கள். பிறகு முழுவதையும் ஒருசேரப் பெருக்கினார்கள். புறப்பட்ட ஒலியும் வந்து சேர்ந்த ஒலியும் சமமாயின. அச்சுற்றுக்கே அப்பெயர். ஆகவே, போனதை மீட்பதுதான் இக்கருவியின் ஆதித் தொழில், இல்லாததை உண்டாக்குவதன்று. இதை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் நாம் சொல்லப்போவது எளிதில் விளங்கும். தமிழில் இதனைச் ‘சமனி’ என்று இக்கட்டுரையளவில் வழங்குவோம். இதனினும் நல்ல சொல் உள்ளவர்கள் எழுதியனுப்பலாம்.

ஒலியின் ‘மேல்’, ‘கீழ்’ என்றோமே, அது உரப்பையும் மென்மையையும் குறிப்பதன்று. ஒரு விநாடியில் காற்று எத்தனை முறை அதிர்கிறதென்பதே கணக்கு. அதற்கு ஹெர்ட்ஸ் என்று பெயர். மனிதச் செவி விநாடிக்கு 20 அதிர்விலிருந்து 20,000 வரை உணரும் என்பது பொதுவான அளவு. வயது ஏற ஏற மேல்முனை குறைந்துகொண்டே வரும். நம் செயற்குழுவில் 60 வயதைத் தாண்டியவர்கள் பதிவைக் கேட்டு ‘இரைச்சலே இல்லை’ என்று சான்று வழங்குவதைவிட, ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமியைக் கேட்கச் செய்வது உத்தமம். பழைய தொலைபேசி வழியே இந்நீண்ட எல்லையில் 300 முதல் 3,400 வரையுள்ள ஒரு துண்டு மட்டுமே சென்றது. அவ்வளவிலேயே ஆளை அடையாளம் கண்டோம், சொல்லும் புரிந்தது.

பக்கத்து வீட்டில் கல்யாணக் கச்சேரி நடக்கும்போது சுவரைத் தாண்டி நமக்கு வருவது ‘தும் தும்’ என்ற அடியொலி மட்டுமே. பாட்டின் சொல் வருவதில்லை. சுவர் மேலொலியைத் தடுத்துவிடுகிறது. கீழொலி ஊடுருவுகிறது. சுவரும் ஒருவகைச் சமனியே. பித்தளைக் குடத்துக்குள் வாய் வைத்துப் பேசினால் குரல் மாறுவதும், குளியலறையில் பாடுகிறவர் தம்மைப் பெரும் வித்துவானாக எண்ணிக்கொள்வதும் இவ்வகையைச் சேர்ந்தவையே. கணிப்பொறியிலுள்ள மென்பொருள் செய்வதும் இதுதான். ஆனால் எந்த இடத்தில், எவ்வளவு, எத்தனை அகலத்துக்கு என்பதைக் கணக்காகச் செய்கிறது.

நம் வீட்டு ரேடியோப் பெட்டிகளில் ‘பாஸ்’, ‘டிரெபிள்’ என்று இரு குமிழ்கள் இருந்தன அல்லவா? 1952-ல் பீட்டர் பாக்ஸண்டால் என்ற ஆங்கிலப் பொறியாளர் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ பத்திரிகையில் வெளியிட்ட சுற்று, அத்தகைய குமிழ்களுக்கு உலகெங்கும் அடிப்படையாயிற்று. கீழ்ப்பகுதி முழுவதையும் ஏற்றவோ இறக்கவோ ஒன்று, மேற்பகுதிக்கு ஒன்று. நடுவே என்ன நடந்தாலும் கேள்வியில்லை. பின்பு ஒலியைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நழுவு பொத்தான் வைத்த பெட்டிகள் பரவின. 31 பொத்தான்கள் வரிசையாக நிற்கும் பெட்டியை ஒலிபெருக்கி வைப்பவர்களிடம் அன்பர்கள் கண்டிருக்கலாம். 1972-ல் ஜார்ஜ் மாஸன்பர்க் என்ற அமெரிக்கர் ஒலிப் பொறியாளர் சங்கத்தின் முன் ஒரு கட்டுரை படித்தார். எந்த இடம், எவ்வளவு ஏற்றம், எவ்வளவு அகலம் ஆகிய மூன்றையும் பாடுகிறவரின் தேவைக்கேற்பத் தனித்தனியே மாற்றிக்கொள்ளும் வகையை அதில் விவரித்தார். இன்று மென்பொருள்களில் காணும் வளைகோடும் அதில் நகரும் புள்ளிகளும் அந்த மரபில் வந்தவை. முன்பு பெரும் பொருள் கொடுத்து வாங்கிய கருவி இப்போது இலவசமாகவே கிடைக்கிறது. 1999-ல் கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பெற்ற ‘ஆடாஸிட்டி’ என்னும் மென்பொருளில் வளைகோட்டுச் சமனியும் உண்டு, பொத்தான் வரிசைச் சமனியும் உண்டு. நம் இளைஞர்கள் கையாள்வது அதையே.

இசைத்தட்டு வீட்டில் வைத்திருப்பவர்கள் வேறோர் உண்மையும் அறிவது நன்று. தட்டில் ஒலியை உள்ளபடியே செதுக்குவதில்லை. கீழொலியை உள்ளபடி செதுக்கினால் பள்ளம் அங்குமிங்கும் அகன்று ஆடி, தட்டில் இடம் போதாது. மேலொலியை உள்ளபடி செதுக்கினால் தட்டின் உராய்வு இரைச்சலில் அது அமிழ்ந்துபோகும். ஆகவே கீழ்முனையைச் சுமார் 20 டெசிபல் குறைத்தும், மேல்முனையை ஏறக்குறைய அவ்வளவே கூட்டியும் செதுக்குகிறார்கள். இசைக்கும் பெட்டி அதற்கு நேர் எதிராகத் திருப்பி நமக்குத் தருகிறது. தொடக்கத்தில் கம்பெனிக்கொரு கணக்காக இருந்த இவ்வேற்பாடு 1954-க்குப் பிறகு பொதுக் கணக்காயிற்று. பழைய தட்டுகளைக் கணிப்பொறிக்கு மாற்றுகிறவர்கள் இத்திருப்பத்தைச் செய்யாமல் விட்டால், பாடகர் தகரக் குழாய்க்குள் நின்று பாடுவதுபோல் கேட்கும். அதைக் கேட்டு ‘அந்தக் காலத்துக் குரலே அப்படித்தான்’ என்று முடிவு கட்டுவது எத்துணை அநியாயம்!

இனி, நம் பதிவு வேலைக்கு வருவோம். சமனியைத் தொடுமுன் செய்ய வேண்டியவை பல. நம் நாகபுரியின் வெயிலில் ஏர்கூலரை நிறுத்திவிட்டு உட்காருவதென்பது தவத்துக்கு ஒப்பாகும். எனினும் அதை நிறுத்தியே ஆக வேண்டும். ஏனெனில் கூலரின் இரைச்சல் ஓரிடத்தில் நில்லாமல் கீழிருந்து மேல்வரை எங்கும் பரவி, பாடுகிறவர் குரலோடு பாலும் நீருமாய்க் கலந்துவிடுகிறது. அன்னப் பறவையின் வேலையைச் சமனி செய்யாது. சமனியால் ஓர் இடத்தைக் குறைக்க முடியுமேயன்றி, அவ்விடத்தில் இருப்பவற்றுள் இது குரல், இது கூலர் என்று பிரித்தறிய முடியாது. கதவு சன்னல்களில் கனத்த திரையிட்டு, பாடுகிறவருக்குப் பின்னால் இரண்டு ரஜாய்களைத் தொங்கவிடுவது, எந்த மென்பொருளினும் நல்ல பலன் தரும்.

மின்சார ரீங்காரம் வேறு வகை. அது தனக்கென்று இடம் பிடித்து நிற்பது. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை மாறுவது. ஆகவே ரீங்காரம் 50-லும், அதன் மடங்குகளான 100, 150 ஆகியவற்றிலும் தோன்றும். அஜ்னிக் குடியிருப்பில் இருப்போருக்கு இதைச் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை. தலைக்குமேல் செல்லும் ரயில் கம்பியின் 25,000 வோல்ட் மின்சாரமும் அதே 50 தான். இருப்புப் பாதையோரம் செல்லும் பேச்சுக் கம்பிகளில் அது தூண்டிய ரீங்காரத்தின் பொருட்டே அக்கம்பிகளை எடுத்துவிட்டு நிலத்தடிக் கேபிள் போட வேண்டியதாயிற்று. இத்தகைய ரீங்காரத்தைச் சமனியால் கிள்ளி எடுத்துவிடலாம். ஆனால் கிள்ளும் நகம் கூரியதாயிருக்க வேண்டும்.

இங்கே நம் சங்கீதத்துக்குரிய ஓர் அபாயம் உண்டு. வெளிநாட்டுக் கையேடுகளில் அதைக் காண முடியாது. இரண்டு கட்டையில் பாடும் ஆண்மகனின் ஆதார ஷட்ஜம் ஏறக்குறைய 147 ஹெர்ட்ஸ். ரீங்காரத்தின் மூன்றாம் மடங்கோ 150. இரண்டுக்கும் இடையே மூன்று அதிர்வுதான் பேதம். ஒரு கட்டையில் பாடுகிறவரின் மந்தர பஞ்சமம் 98. ரீங்காரத்தின் இரண்டாம் மடங்கு 100. அகலமாக வெட்டினால் ரீங்காரம் போகும். அதனோடு பாடுகிறவர் நின்று இளைப்பாறும் ஸ்வரமும் போகும். தம்பூரா அடித்தளமின்றித் தத்தளிக்கும். ஆகவே முதலில் சுருதி என்னவென்று கேட்டு எழுதிக்கொண்டு, வெட்டின் அகலத்தை இரண்டு மூன்று ஹெர்ட்ஸுக்குள் அடக்க வேண்டும். சுருதி கேளாமல் வெட்டுவது, வண்டி அட்டவணை பாராமல் கைகாட்டியை இறக்குவதற்குச் சமம்.

சரக்கு வண்டி போகும்போது தரை வழியே வரும் அதிர்வு மிகக் கீழே இருக்கும். பெண் குரலுக்குச் சுமார் 100-க்குக் கீழும், ஆண் குரலுக்கு 70, 80-க்குக் கீழும் உள்ளவற்றைச் சரிவாகக் குறைத்துவிட்டால் குரலுக்குச் சேதமின்றி அவ்வதிர்வு பெரிதும் மறையும். மிருதங்கம் உடனிருந்தால் அதன் பதிவைத் தனியே வைத்துக்கொண்டு, தொப்பியின் கும்காரம் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மிருதங்கம் என்றதும் ஒருவரை நினையாதிருக்க இயலவில்லை. 1907-ல் கல்கத்தாவில் கணக்குத் துறை அதிகாரியாக வேலையில் அமர்ந்த ஸர் சி. வி. ராமன், அலுவலகம் முடிந்தபின் பௌபஜார் தெருவிலிருந்த விஞ்ஞானச் சங்கத்தின் கூடத்துக்குச் சென்று ஆராய்ச்சி செய்தார். இடையே 1910-ல் இந்நாகபுரிக்கும் மாற்றலாகி வந்தவர். சாதாரணத் தோல்வாத்தியத்தின் அதிர்வுகள் ஒன்றுக்கொன்று முழு மடங்காக அமைவதில்லை. ஆதலால் ஓசை உண்டே தவிரச் சுருதி தெளிவாக இராது. மிருதங்கத்தின் வலந்தலையில் இடும் கறுப்பு மருந்து தோலின் நடுவே பாரம் ஏற்றி, அதன் முதற்சில அதிர்வுகளை முழு மடங்குகளாக இசையச் செய்கிறது என்று 1920-ல் ‘நேச்சர்’ பத்திரிகையில் அவர் எடுத்துரைத்தார். பெயரறியாத நம் கைவினைஞர் சோறும் இரும்புக் கிட்டமும் அரைத்துப் பூசியது, தோலுக்குள் இட்ட சமனியேயாகும். ஆகவே மேல்நாட்டுப் பறைக்கென்று மென்பொருளில் தயாராக வைத்துள்ள வளைகோட்டை மிருதங்கத்தின்மேல் போர்த்தினால், அந்த உழைப்பெல்லாம் வீணாகிறது. பகலில் பேரேடு, மாலையில் விஞ்ஞானம் என்று வாழ்ந்த ஒரு பெரியவரின் ஊரில் நாமும் பேரேடு எழுதுகிறோம் என்பதில் நமக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி உண்டு. அது கிடக்கட்டும்.

பல ஒலிகளை ஒன்றாகக் கலக்கும்போது எழும் தொல்லை, ஒன்று மற்றொன்றை மறைத்தல். குரலும் பிடிலும் பெரும்பாலும் ஒரே வட்டாரத்தில் சஞ்சரிப்பவை. சொல் கேட்கவில்லையே என்று குரலை ஏற்றுகிறோம். பிடில் அமுங்குகிறதே என்று அதையும் ஏற்றுகிறோம். முடிவில் இரண்டும் கூச்சலிடுகின்றன. சொல்லின் தெளிவு இருக்கும் இடத்தில் பிடிலை இரண்டு மூன்று டெசிபல் குறைத்துப் பாருங்கள். குரலைத் தொடாமலே குரல் முன்வந்து நிற்கும். நெரிசல் வண்டியில் ஒருவர் சற்று ஒதுங்கினால் மற்றவர் உட்காருவது போல. ஏற்றுவதைவிடக் குறைப்பது நல்லதென்று அனுபவசாலிகள் கூறுவதன் காரணம் இதுவே.

மற்றொன்று, காது ஏமாறும் விதம். எது சற்று உரத்துக் கேட்கிறதோ அதுவே நன்றாயிருப்பதாக மனம் தீர்ப்பளித்துவிடும். சமனியில் எதையேனும் ஏற்றினால் மொத்த உரப்பும் கூடுவதால், எதைச் செய்தாலும் முன்னேற்றமென்றே தோன்றும். ஆகவே திருத்தியதையும் திருத்தாததையும் ஒரே உரப்பில் வைத்து மாற்றி மாற்றிக் கேட்ட பிறகே முடிவு செய்தல் வேண்டும். மேலும், 1933-ல் பிளெச்சர், மன்சன் என்ற இரு அமெரிக்கர் அளந்து காட்டியபடி, மெல்ல ஒலிக்கும்போது நம் செவிக்குக் கீழொலி மிகுதியாகக் குன்றிவிடுகிறது. நள்ளிரவில் உரக்க வைத்துக் கலந்த பாட்டு, மறுநாள் காலை சமையலறையில் மெல்ல ஒலிக்கும்போது வற்றிப்போய்க் கேட்பதன் மர்மம் இதுவே. பேச்சுக்குரல் அளவில் வைத்துக்கொண்டு வேலை செய்வதே நலம்.

கலந்து முடிந்தபின் முழுப் பாட்டின்மேலும் செய்யும் கடைசிச் செப்பத்துக்கு ‘மாஸ்டரிங்’ என்று பெயர். அங்கே சமனியின் வேலை மிகச் சிறிது. ஒரு டெசிபல், அன்றேல் இரண்டு. ஏனெனில் அங்கே குரலுக்கென்று ஏற்றினால் ஜாலராவும் ஏறும், இருமலும் ஏறும். உப்பு குறைந்ததென்று பந்தியில் உட்கார்ந்திருக்கும் அனைவரின் இலையிலும் ஒரே கையால் உப்புத் தூவுவது போன்றது அது. குறை பெரிதாயிருந்தால் கலவைக்கே திரும்பிப் போவதுதான் முறை.

இப்போது சச்சரவுக்கு வருவோம். நம் சங்கத்தின் மூத்த அம்மையார் ஒருவர், காலஞ்சென்ற ரயில் ஓட்டுநர் ஒருவரின் மனைவி. தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து மணமகளாய் வந்தவர். சென்ற ஆடியில் ஒன்பது தாலாட்டுகளைப் பாடிக் கொடுத்தார். அவற்றுள் நான்கை வேறெங்கும் கேட்டதில்லை என்று நம் சங்கத்துப் பெரியவர்கள் சொல்கிறார்கள். பதிவுசெய்த இளைஞர் ஆர்வமுள்ளவர், உழைப்பாளி. அதில் ஐயமில்லை. அவர் கையேடுகளைப் படித்து, 250 ஹெர்ட்ஸ் அருகே ‘சேறு’ இருக்குமென்று அறிந்து அங்கே ஆழமாகத் தோண்டினார். 2,500 அருகே ‘கரகரப்பு’ என்று அங்கும் தோண்டினார். 8,000-க்கு மேல் ‘பளபளப்பு’ வேண்டுமென்று ஏற்றினார். மூச்சு வாங்கும் ஒலிகளை நீக்கினார். பாட்டு சினிமாத் தட்டுப்போல் பளிச்சென்று ஆயிற்று. அதைக் கேட்ட அம்மையாரின் மகள், “சொல்லெல்லாம் அம்மா சொன்னதுதான், ஆனால் இது அம்மா இல்லை” என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.

அவர் சொன்னதில் உணர்ச்சி மட்டுமன்று, கணக்கும் இருக்கிறது. கையேடுகள் 250-ல் சேறு என்பது எவருக்கு? மைக்கை உதட்டருகே வைத்துப் பாடுகிறவருக்கு. ஒரு பக்கம் மட்டும் கேட்கும் வகை மைக், மிக அருகில் வரும் குரலின் கீழொலியை இயற்கைக்கு மிஞ்சிக் கூட்டிக் காட்டும். அந்த மிகுதியைத் தோண்டுவது நியாயமே, போனதை மீட்பது போல வந்ததைத் திருப்பியனுப்புவது. இந்த அம்மையாரோ மைக்குக்கு அஞ்சி நான்கடி தள்ளித் தரையில் அமர்ந்து பாடினார். அங்கே மிகுதியே இல்லை. தோண்டியபோது போனது சேறன்று, அவருடைய மார்பின் ஒலி. குழந்தை மடியில் கிடந்து முதுகெலும்பால் கேட்கும் ஒலி அதுதான்.

இரண்டாவது தோண்டல் நம் மொழியையே தொடுகிறது. லகரம், ளகரம், ழகரம் ஆகியவற்றை நம் செவி பிரித்தறியும் அடையாளங்கள் பெரும்பாலும் 1,000-க்கும் 3,500-க்கும் இடைப்பட்ட வட்டாரத்தில் இருக்கின்றன. ழகரம் சொல்லும்போது வாய்க்குள் நாக்கு மடியும் விதத்தால் அவ்வட்டாரத்து ஒலிச்செறிவுகள் இடம் பெயர்கின்றன. அங்கே சிறிது குறைத்தால் பாதகமில்லை. பெரிதும் குறைத்தால் அவ்வேறுபாடு மங்குகிறது. கீழும் மேலும் ஏற்றி நடுவைப் பள்ளமாக்கும் புன்னகை வளைவு ஆட்டப்பாட்டுக்கு ஆகலாம். வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் மராத்தியும் பேசி வளரும் நம் பிள்ளைகள் ழகரத்தை எவரிடம் கேட்டுக் கற்கப்போகிறார்கள்? அந்த அம்மையாரின் ழகரம் நம் குடியிருப்பில் பெயர் பெற்றது. அதைக் கரகரப்பென்று தோண்டியெறியலாமா?

இளைஞர் தரப்பிலும் நியாயம் உண்டு. “திருத்தாமல் வெளியிட்டால் பிள்ளைகள் அரை நிமிஷத்தில் அணைத்துவிடுவார்கள், ஸார். யாரும் கேட்காத பாட்டைப் பத்திரமாக வைத்து என்ன பயன்?” என்று அவர் நம்மைக் கேட்டார். இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சமையலறைப் பாத்திர ஓசைக்கு நடுவே செல்போனின் சிறு ஒலிபெருக்கியில் கேட்பவர்களுக்கு ஏதேனும் திருத்தம் வேண்டியதே.

ஆனால் இதற்குள் வேறொன்று நேர்ந்துவிட்டது. சென்ற தை மாதத்தில் அம்மையாருக்குப் பக்கவாதம் கண்டு பேச்சுத் தடைப்பட்டது. இப்போது எழுந்து உட்காருகிறார், ஆளைத் தெரிந்துகொள்கிறார், கையசைக்கிறார். பாட்டு இல்லை. மறுபடி பதிவு செய்வோமென்ற பேச்சுக்கு இடமில்லாமற் போயிற்று. மூலப் பதிவு எங்கே என்று தேடினால், கணிப்பொறியில் இடம் போதாமல் திருத்திய பிரதியை மட்டும் சுருக்கிய வடிவில் வைத்துக்கொண்டு மற்றது அழிக்கப்பட்டிருந்தது. தோண்டிய இடத்தை மறுபடி ஏற்றிப் பார்த்தார்கள். சிறிதளவு குறைத்திருந்தால் எதிர்வளைவால் ஏறக்குறைய மீட்டுவிடலாம். ஆழமாகத் தோண்டிச் சுருக்கியும் வைத்த இடத்தில் ஏற்றினால் ஏறுவது இரைச்சலே. நீக்கிய மூச்சு எதனாலும் திரும்பாது.

நற்பேறாக, அன்று பாட்டியின் அருகில் அமர்ந்திருந்த பேத்தி தன் செல்போனிலும் பதிவு செய்து வைத்திருந்தாள். அதில் குக்கர் விசில் இருமுறை வருகிறது. ஐந்தாம் பாட்டின் நடுவே ரயில் ஊதுகிறது. தாளத்துக்குத் தொடையில் தட்டும் ஓசையும் உண்டு. ஆனால் குரல் அம்மையாருடையது. செல்போனில் இடம் நிரம்பிவிட்டதென்று அந்தப் பெண் அடுத்த வாரம் பழையவற்றையெல்லாம் அழிப்பதாக இருந்தாள் என்பதைக் கேட்டபோது நமக்கு உடல் நடுங்கிற்று.

எதை வெளியிடுவதென்று வரும் ஞாயிற்றுக்கிழமை செயற்குழு கூடுகிறது. நம் கருத்தை ஒளிக்க வேண்டியதில்லை. செல்போன் பதிவையே வெளியிட வேண்டும். 80-க்குக் கீழே சரிவு போடலாம். குக்கர் விசில் இருக்கும் விநாடிகளில் மட்டும் அதன் இடத்தைக் கூரிய நகத்தால் கிள்ளலாம். ரயில் ஊதலை விட்டுவிடலாம். அம்மையாரின் இல்வாழ்க்கை முழுவதும் அந்த ஊதலைக் கேட்டே நடந்தது. உரப்பு மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் பிள்ளைகளுக்கும் கேட்கும். பளபளப்பான பிரதியை விரும்புவோருக்கு அதையும் தனியே தரலாம், ‘திருத்தியது’ என்று பெயரிட்டு. இளைஞருக்கு இவ்வேற்பாட்டில் இப்போது பெரிதும் இசைவு உண்டு. அவரே அம்மையார் வீட்டுக்குப் போய் இரு பிரதிகளையும் இசைத்துக் காட்டினார். செல்போன் பிரதி ஒலித்தபோது அம்மையார் தம் வலக்கையால் தொடையில் தட்டினாராம்.

பதிவுப் பணியில் ஈடுபட்டுள்ள மற்றவர்களுக்குச் செயலாளர் கீழ்க்கண்டவாறு அறிவிக்கச் சொன்னார். மூலப் பதிவைச் சுருக்காத வடிவில் இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமித்து வைத்த பிறகே சமனியைத் திறக்க வேண்டும். அதன் பிரதியில் மட்டுமே திருத்தம் செய்ய வேண்டும். 2022 முதல் ஆடாஸிட்டியில் ஒலியை மாற்றி எழுதாமல், ஒலிக்கும்போது மட்டும் சமனியைப் பூட்டிக் கேட்கும் வசதி உண்டு. அதையே கையாள வேண்டும். பாடியவரின் சுருதி, மைக்குக்கும் அவருக்கும் இருந்த தூரம், பதிவு நாள் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி உடன் வைக்க வேண்டும். வீட்டில் பழைய பதிவுகள் வைத்திருப்போர் அவற்றை வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பாமல், ‘டாக்குமெண்ட்’ என்ற வகையில் அனுப்ப வேண்டும், அல்லது ஞாயிறு காலை 10 மணிக்குச் சங்கக் கட்டடத்துக்குச் செல்போனோடு நேரில் வர வேண்டும். காஸெட் நாடாக்கள் வைத்திருப்போரும் வரலாம். அவற்றைத் துடைத்து இசைக்கும் முறையைப் பற்றி அடுத்த இதழில் எழுதுவோம். அதுவரை அவற்றை எவரும் பழைய டேப் ரிக்கார்டரில் போட்டுப் பார்க்க வேண்டாம்.